விளக்கின் இரண்டாவது நிழல்

என் வேலை, புதுச் சுவரைக் கிழடாக்குவது.
தேயிலைத் தண்ணீர், அடுப்புக்கரி, கொஞ்சம் மோர்.
பாசி பிடிக்க மோர் தடவ வேண்டும் என்று
எந்த ஓவியக் கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை.

டென்மார்க்கில், வெய்லே ஊருக்கு வடக்கே,
பீட்ரூட் வயல்களுக்கு நடுவில் ஓர் இத்தாலியத் தெரு:
எண்பது அடி நீளம், ஆறு அங்குலத் தடிமன்.
சன்னல்கள் திறக்காது. பின்னால் வீடு இல்லை,
ரோலர் கோஸ்டரின் மோட்டார் இருக்கிறது.
மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை
வானத்திலிருந்து ஒரு கூட்டுக் கூச்சல் விழும்.
நாங்கள் யாரும் தலை தூக்குவதில்லை.

அந்தத் தெருவில் நிஜமானது ஒரே ஓர் இரும்பு விளக்கு.
அதற்கு நிழல் போட்டது நான்.
பதினோரு வருடம் முன்பு, ஒரு புகைப்படத்தைப் பார்த்து,
சாய்வாக, நீலம் கலந்த பழுப்பில்.
மழை நாளிலும் அங்கே வெயிலடிக்க வேண்டும் என்றார்கள்.
இங்கே எல்லா நாளும் மழை நாள்தான், கிட்டத்தட்ட.

மே கடைசியில் ஒன்பதாம் வகுப்பு ஒன்று வந்தது.
இருபத்திரண்டு பேர், ஆளுக்கொரு தாள்:
'இது அழகா? மூன்று காரணம் தருக.'
அஸ்கர், 'போலி' என்று மூன்று முறை எழுதிவிட்டுக்
கப்பல் ஊஞ்சலுக்கு ஓடினான்.
சில்யேவுக்குச் சன்னல் பூச்செடிகள் பிடித்தன,
தொட்டுப் பார்த்து பிளாஸ்டிக் என்று தெரிந்த பிறகும் பிடித்தன.

நயா மட்டும் விளக்கின் எதிரே தரையில் சம்மணமிட்டு
"இதுக்கு ஏன் ரெண்டு நிழல்?" என்றாள்.
அன்று பார்த்து வெயில்.
ஏணியில் நின்றிருந்த நான்
பிரஷை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன், எதற்கென்று தெரியாமல்.

பத்து மணிக்குச் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு.
பதினொன்றுக்கு இன்னொன்று.
நிஜ நிழல் என் நிழலை நோக்கி
நத்தை வேகத்தில் வந்துகொண்டிருந்தது.
மதியத்துக்குள் பாதி வகுப்பு திரும்பி வந்துவிட்டது
ஐஸ்கிரீமோடும் பந்தயத்தோடும்:
சேருமா, சேராதா.
சேரும் என்று அஸ்கர் இருபது குரோனர் கட்டினான்.

மூன்றரைக்குப் பேருந்து.
இன்னும் ஒரு சாண் பாக்கி.
எதுவும் எழுதாத தாளை என்னிடம் நீட்டி
"நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்று ஓடினாள்.
பெயரும் பள்ளியும் மேலே இருந்தன.

பார்த்தேன்.
வேலையைப் போட்டுவிட்டு, நாலரை வரை.
வந்தது. நேர்கீழே என் நிழல்.
நாலு விரற்கடை மேலேயே கடந்து போனது,
பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரரைப் போல.

தெற்கே சூரியன் உயரம்; நிழல் கீழிறங்கி விழும்.
இந்த வட்டாரச் சூரியன் அத்தனை ஏறாது.
ஜெனோவாவின் ஒரு பிற்பகலைக் கொண்டுவந்து
டென்மார்க் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.
பதினோரு வருடத்தில் ஒரு நாளும் சந்திக்காத இரண்டு நிழல்கள்.
ஒரு நாளும் நின்று பார்க்காத நான்.

தாளின் பின்புறம் எழுதி அனுப்பினேன்:
'சேரவில்லை. நாலு விரல். தவறு என்னுடையது.'
திருத்தலாமா என்று மேலாளரிடம் கேட்டேன்.
"யார் பார்க்கப் போறாங்க?" என்றார்.

ஆகஸ்டில் ஓர் உறை வந்தது.
கடிதம் இல்லை. விளக்கு இல்லை, சன்னல் இல்லை, இத்தாலி இல்லை.
இரண்டு நிழல்களுக்கும் நடுவிலிருந்த
அந்த நாலு விரல் சுவரை மட்டும்
தாள் கொள்ளப் பெரிதாக்கி வரைந்திருந்தாள்:
காரையின் பொருக்கு, மோரில் முளைத்த பாசி,
என் பிரஷிலிருந்து உதிர்ந்து ஒட்டிக்கொண்ட ஒற்றை மயிர்.

ஓய்வறையில், ஷிப்ட் அட்டவணைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன்.
சுவரின் மஞ்சளை நினைவிலிருந்தே கலந்திருக்கிறாள்.
சிவப்பு கொஞ்சம் தூக்கல்.